எல்லாரும் மாறியாயிற்று

தம்பானூரில் ரயில் நிலையத்துக்குப் பக்கத்துச் சந்தில் இருந்த ஒரு ஹோட்டலின் மாடி ஹால். ஒரு சனிக்கிழமை மத்தியானம். மேடையில் நின்றவர் கேட்டார்: "புதிய வெர்ஷனுக்கு மாறியவர்கள் கை தூக்குங்கள்."

ஹால் முழுக்கக் கைகள் எழுந்தன. என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த எங்கள் மேனேஜரும் தூக்கினார். நாங்கள் மாறவில்லை என்பது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். நான் கையை மடியிலேயே வைத்திருந்தேன். அவர் முழங்கையால் என்னை இடித்தார்.

இரண்டாயிரத்துக்குப் பிறகு நாலைந்து வருஷம் கழிந்திருந்த காலம் அது. நான் ஒரு சின்ன சாஃப்ட்வேர் கம்பெனியில் புரோகிராமர். வலைத்தளம் கட்டுகிறவர்கள் எல்லாவற்றையும் முதலிலிருந்து எழுதுவதில்லை. பாஸ்வேர்டு கேட்பது, நிரப்பிய விவரங்களைச் சேமிப்பது, பக்கத்தைத் திரையில் வரைவது என்று எல்லாருக்கும் பொதுவான வேலைகளை வேறு யாரோ எழுதி ஒரு தொகுப்பாக வைத்திருப்பார்கள். அதற்கு ஃபிரேம்வொர்க் என்று பெயர். அதன் மேல் நம்முடைய வேலையை ஏற்றுவோம். நாங்கள் பயன்படுத்திய ஃபிரேம்வொர்க்கின் இரண்டாம் வெர்ஷன் வந்து இரண்டு மாதம்கூட ஆகியிருக்கவில்லை. பேர்தான் அதே பேர். உள்ளே அநேகமாக எல்லாமே வேறு. பழையதில் எழுதியது புதியதில் ஓடாது, பாதியாவது திருத்தி எழுத வேண்டும். அதற்குள் ஒரு ஹால் நிறைய ஆட்கள் மாறிவிட்டார்களாம்.

கூட்டம் முடிந்து டீயும் பழம்பொரியும் கொடுத்தார்கள். நான் கப்பைக் கையில் வைத்துக்கொண்டு ஆள் ஆளாகப் போய்க் கேட்டேன். ஒருவர், "நான் வீட்டு கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தேன்" என்றார். இன்னொருவர், "புது புராஜெக்ட் வந்தால் அதில்தான் செய்வோம்" என்றார். மூன்றாவது ஆள் சிரித்துக்கொண்டே, "எல்லாரும் தூக்கினார்கள், தூக்கினேன்" என்றார். கடைசியில் மேடையில் பேசியவரிடமே போனேன். பெங்களூரிலிருந்து வந்தவர்.

"உங்கள் கம்பெனியில் ஜனங்கள் தினமும் உபயோகிக்கிற தளம் ஏதாவது புதியதில் ஓடுகிறதா சார்?"

"கிளையண்ட் இன்னும் சம்மதிக்கவில்லை" என்றார். அவருக்குக் கொஞ்சம்கூட வெட்கம் இல்லை.

திரும்பும்போது மேனேஜரிடம் இதைச் சொன்னேன். அலுவலகத்தில் எல்லாப் பேச்சும் மலையாளம்தான். இங்கே தமிழில் எழுதுகிறேன். அவர் கெட்ட மனிதர் அல்ல. வேலை தெரிந்தவர், சிரித்துப் பேசுகிறவர். "எடோ, உலகமே மாறிவிட்டது, நாம் மட்டும் பழையதில் உட்கார்ந்திருக்கிறோம்" என்றார். உலகம் மாறவில்லை என்று இப்போதுதானே ஒவ்வொருவராகக் கேட்டுவிட்டு வந்து சொல்கிறேன் என்றேன். "அவர்கள் மாறுவதற்குள் நாம் மாறிவிட வேண்டும், அல்லே?" என்றார். ஒரே மூச்சில் உலகம் மாறியும் விட்டது, இனிமேல்தான் மாறவும் போகிறது.

எங்களிடம் இருந்த பெரிய வேலை நகரத்தில் இருந்த ஒரு கண் ஆஸ்பத்திரியின் பதிவு முறை. ஆஸ்பத்திரி எது என்று சொல்லப் போவதில்லை. நோயாளி வந்ததும் விவரத்தைப் பதிந்து, பரிசோதனை முடிந்ததும் ஆப்பரேஷனுக்கு நாள் குறித்து, ஒரு சீட்டு அச்சிட்டுக் கொடுக்கும். சீட்டில் தேதி, நேரம், எந்தக் கண் என்பதெல்லாம் ஆங்கிலத்தில். கீழே பாதியில், வீட்டில் என்ன செய்ய வேண்டும், என்ன செய்யக் கூடாது என்பது நோயாளி கேட்கிற மொழியில்: மலையாளம் அல்லது தமிழ். பாறசாலை எல்லைக்கு அந்தப் பக்கத்திலிருந்தும் நாகர்கோவிலிலிருந்தும் அந்த ஆஸ்பத்திரிக்குத் தினமும் ஆட்கள் வந்தார்கள்.

அந்தத் தமிழை எழுதியது நான். அலுவலகத்தில் தமிழ் வாசிக்கத் தெரிந்த ஒரே ஆள் நான்தான். எங்கள் குடும்பம் ஆரியசாலையில் மொத்த வியாபாரம் செய்கிற திருநெல்வேலிக் குடும்பம். நான் படித்தது மலையாளப் பள்ளியில். தமிழ் எழுத்தை அம்மா வீட்டில் சொல்லிக் கொடுத்திருந்தாள். ஆஸ்பத்திரி கொடுத்த ஆங்கிலக் குறிப்பை நான் முதலில் அப்படியே மாற்றி, "லேசான காலை உணவு அனுமதிக்கப்படுகிறது" என்று எழுதிக்கொண்டு போய் அம்மாவிடம் காட்டினேன். அவள் வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"யாருட்ட அனுமதி வாங்கணும்? விளங்குத மாதிரி எழுதுடீ."

"எப்படி எழுத?"

"இட்லி, தோசைன்னு ஏதாவது கொஞ்சம் சாப்பிட்டுட்டு வாங்க, வெறும் வயித்தோட வராதீங்கன்னு எழுது. ஆப்பரேஷன்னா எல்லாரும் பட்டினியாத்தான் வருவாக."

அப்படியே எழுதினேன். தலைக்கு எண்ணெய் வைத்துவிட்டு வராதீர்கள், சுகர் ஊசி போடுகிறவர்கள் சாப்பிட்ட பிறகே போடுங்கள், துணைக்கு ஒருவரைக் கூட்டி வாருங்கள். ஒவ்வொரு வரியும் என்னிடம் இருக்கிற பழைய பாத்திரம் மாதிரி எனக்குப் பழக்கம். ஒரு வருஷத்துக்கு மேல் அது குறையில்லாமல் ஓடியது. யாரும் எங்களைக் கூப்பிட்டுத் திட்டவில்லை. அதுதான் எங்கள் தொழிலில் கிடைக்கிற பெரிய பாராட்டு.

அதைத்தான் மாற்ற வேண்டும் என்று முடிவு செய்தார்கள்.

மீட்டிங்கில் நான் இரண்டு கேள்வி கேட்டேன். மாறுவதால் ஆஸ்பத்திரிக்கு என்ன லாபம்? மாறிய பிறகு தமிழை யார் சரிபார்ப்பது? முதல் கேள்விக்கு, "நம் விளம்பரப் புரோஷரில் புதிய வெர்ஷன் என்று போடலாம்" என்று பதில் வந்தது. ஆஸ்பத்திரிக்கு என்ன லாபம் என்று கேட்டால் நமக்கு என்ன லாபம் என்று சொல்கிறார்கள்! இரண்டாவது கேள்விக்கு, "டெஸ்டிங் டீம் பார்த்துக்கொள்ளும். குழப்பமில்ல" என்றார் மேனேஜர். அந்த டீமில் ஒருவருக்கும் தமிழ் தெரியாது என்றேன். "எழுத்து வருகிறதா என்று பார்க்க மொழி எதற்கு?" என்றார். பிறகு என்னை வேறொரு கிளையண்டுக்கு டெமோ தயாரிக்கப் போட்டுவிட்டார்கள். நிறையக் கேள்வி கேட்கிறவளைக் கொஞ்ச நாள் தள்ளி உட்கார வைப்பது எல்லா இடத்திலும் நடப்பதுதான்.

ஒரு சனி, ஞாயிறில் மாற்றினார்கள். திங்கட்கிழமை அலுவலகத்தில் கேக் வெட்டினார்கள். கேக்கின் மேல் நீல கிரீமில் வெர்ஷன் நம்பர். எல்லாரும் கை தட்டினார்கள். நானும் ஒரு துண்டு சாப்பிட்டேன், நன்றாகத்தான் இருந்தது. தமிழ் சரியாக வருகிறதா என்று டெஸ்டிங் பெண்ணிடம் கேட்டேன். "வருது சேச்சி, எல்லாம் ஓகே" என்றாள்.

அடுத்த வாரம் மேனேஜர் என் கையில் ஒரு டிஜிட்டல் கேமராவைக் கொடுத்தார். ஆஸ்பத்திரிக்குப் போய் ரிசப்ஷனில் புதிய வெர்ஷன் ஓடுவதை நாலைந்து படம் எடுத்து வரவேண்டும். புரோஷருக்கு. "கவுண்டரில் இருக்கிற பெண்ணைச் சிரிக்கச் சொல்" என்றார்.

நான் போனபோது கவுண்டரில் இருந்த பெண் சிரிக்கிற நிலையில் இல்லை. என்னைவிடக் கொஞ்சம் மூத்தவள், நெய்யாற்றின்கரைக்காரி, தட்டுத்தடுமாறித் தமிழ் பேசுவாள். என்னைப் பார்த்ததும் ஒரு சீட்டை எடுத்து முன்னால் போட்டாள்.

"இதெந்தா?"

பார்த்தேன். மேலே ஆங்கிலம் சரியாக இருந்தது. கீழே தமிழ் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு எழுத்துகூட இல்லை. வரி வரியாகக் கேள்விக்குறிகள். அம்மா சொன்ன இட்லி, தோசை, எல்லாம் கேள்விக்குறி.

"எப்போதிலிருந்து?"

"மாற்றின அன்றைக்கே. அன்றைக்கே உங்கள் ஆபீசுக்குப் போன் பண்ணிச் சொன்னேனே! ஃபான்ட் பிரச்சினை, தானே சரியாகும் என்றார்கள். முடிந்தவரை நான் வாயால் சொல்லி அனுப்புகிறேன். இந்தக் கூட்டத்தில் எத்தனை பேருக்குச் சொல்ல முடியும்?"

அன்றைக்கே. அலுவலகத்தில் எனக்கு யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. தமிழ் எழுதின ஆள் கூப்பிடு தூரத்தில் உட்கார்ந்திருக்கிறாள், தமிழ் வரவில்லை என்று போன் வருகிறது, அவளிடம் சொல்லவில்லை.

நாங்கள் பேசிக்கொண்டிருக்கும்போதே காத்திருக்கும் இடத்தில் யாரோ அலறினார்கள். நாற்காலி சரிந்த சத்தம். திரும்பினால், வெள்ளை ஜிப்பா போட்ட ஒரு பெரியவர் தரையில் கிடந்தார். விழுந்ததில் புருவம் கிழிந்து ரத்தம். உடம்பு முழுக்க வியர்வை, கை கால் நடுக்கம். ஒரு பெண் அவர் தலையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு "அப்பா, அப்பா" என்று உலுக்கிக்கொண்டிருந்தாள். நர்ஸ் ஓடி வந்து விரலில் குத்திப் பார்த்துவிட்டு, "சுகர் இறங்கிவிட்டது, குளுக்கோஸ் கொண்டு வா" என்று கத்தினாள். கையில் ஊசி குத்தி குளுக்கோஸ் ஏற்றினார்கள். கொஞ்ச நேரத்தில் கண் திறந்தார். ஏதோ ஜெபம் முணுமுணுத்தார்.

அவர் களியக்காவிளைக்கு அந்தப் பக்கம் ஒரு சின்ன சபையில் உபதேசியார். அன்று அவருக்குக் கண்புரை ஆப்பரேஷன். மகள் டீச்சராக இருந்தாள், படித்தவள். நான் அவளிடம் போய், சாப்பிடாமலா வந்தீர்கள் என்று தமிழில் கேட்டேன். தமிழைக் கேட்டதும் அவளுக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தன.

"ஆப்பரேஷன்னா வெறும் வயித்துலதானே வரணும்? ஊசியப் போட்டுட்டு மொதல் பஸ்ஸ புடிச்சு வந்தோம். எனக்க அப்பா ஒரு சொட்டு காப்பி குடிக்கல்ல. இந்தத் தாள்ல எழுதியிருந்தா தின்னுட்டு வந்திருக்க மாட்டோமா? பாருங்க, கேள்விக்குறியாட்டு கெடக்கு. இத அச்சடிச்சுக் கையில தந்த மனுஷனுக்குக் கண்ணு இல்லியா?"

அந்தச் சீட்டை அவள் என் முகத்துக்கு நேராக நீட்டினாள். என் தோளில் கேமரா தொங்கிக்கொண்டிருந்தது. சீட்டை அவளிடமிருந்து வாங்கிக்கொண்டேன். அன்று ஆப்பரேஷன் இல்லை என்று சொல்லிவிட்டார்கள். புருவத்தில் தையல் போட்டார்கள்.

நான் வராந்தாவுக்குப் போய் மேனேஜருக்குப் போன் செய்தேன். நடந்ததைச் சொன்னேன். அவர் உண்மையிலேயே பதறினார், "ஆளுக்கு ஒன்றும் ஆகலையே?" என்று இரண்டு தடவை கேட்டார். பிறகு குரல் மாறியது.

"சரி, அது வெறும் சீட்டுத்தானே. சிஸ்டம் ஓடுகிறது. தமிழ் அடுத்த பில்டில் சரி பண்ணலாம்."

"அடுத்த பில்ட் எப்போது ஏற்றுவீர்கள்?"

"அடுத்த மாசம்."

"அதுவரைக்கும் தமிழ்க்காரர்கள் எல்லாரும் விழுந்துகொண்டிருக்கட்டுமா? பழையதைத் திரும்பப் போடுங்கள். இன்றைக்கே."

"பழையதுக்குப் போவதா? நீ என்ன பேசுகிறாய்? எல்லாரிடமும் மாறியாயிற்று என்று சொல்லிவிட்டோம். இனி திரும்பிப் போனால் என்ன நினைப்பார்கள்?"

யார் என்ன நினைப்பார்கள்? அந்த ஹாலில் பொய்யாகக் கை தூக்கினவர்களா? அத்தனை வருஷத்தில் ஒரு மேலதிகாரியின் போனை நான் பேச்சின் நடுவில் வைத்தது அந்த ஒரு தடவைதான்.

நேராக ஆஸ்பத்திரி நிர்வாகத்தைக் கவனித்த டாக்டரிடம் போனேன். ஐம்பது தாண்டிய பெண்மணி, யாரையும் உட்காரச் சொல்ல மாட்டார். சீட்டை மேஜை மேல் வைத்து, தப்பு எங்களுடையது, நாங்கள் புதிய வெர்ஷனுக்கு மாறியதில் தமிழ் போய்விட்டது, பழையதைத் திரும்பப் போட்டால் இன்றே சரியாகும், ஆனால் அதை எங்கள் கம்பெனியிடம் நீங்கள் சொல்ல வேண்டும் என்றேன்.

அவர் கண்ணாடியைத் தூக்கிக்கொண்டு சீட்டைப் பார்த்தார். "பழையது நன்றாகத்தானே இருந்தது?"

"ஆமாம் டாக்டர்."

"மாற்றச் சொல்லி நாங்கள் கேட்டோமா?"

"இல்லை."

"பிறகு எதற்கு மாற்றினீர்கள்?"

அவர் போனை எடுத்தார். எங்கள் முதலாளியிடம் அவர் பேசியது முழுதாக ஒரு நிமிஷம் இருக்காது. அன்று மாலை வெயில் தாழ்வதற்குள் நானும் அலுவலகத்தில் என் பக்கத்தில் உட்காரும் நண்பனும் சேர்ந்து பழைய வெர்ஷனைத் திரும்ப ஏற்றினோம். கவுண்டரில் முதல் தமிழ்ச் சீட்டு அச்சாகி வந்தபோது, அதை எடுத்துக் கடைசி வரி வரைக்கும் வாசித்தேன்.

என்ன உடைந்தது என்று மறுநாள் பார்த்தேன். பெரிய ரகசியம் எதுவும் இல்லை. பழைய வெர்ஷனில் எழுத்துகளை எந்த முறையில் அனுப்ப வேண்டும் என்று நாங்கள் ஒரு இடத்தில் சொல்லியிருந்தோம். புதியது அந்த இடத்தைப் பார்ப்பதே இல்லை. எல்லாம் ஆங்கிலம் என்று நினைத்துக்கொள்ளும், தெரியாத எழுத்துக்குக் கேள்விக்குறி போடும். மலையாளத்தை நாங்கள் அந்தக் காலத்து வழக்கப்படி ஆங்கில எழுத்தின் மேல் மலையாள உருவம் ஒட்டிய ஒரு எழுத்துருவில் வைத்திருந்ததால் அது தப்பித்தது. தமிழ் மட்டும் செத்தது. டெஸ்டிங் பெண்ணிடம் எப்படி ஓகே சொன்னாய் என்று கேட்டேன். அவள் கம்ப்யூட்டரில் தமிழ் எழுத்துருவே கிடையாது, தமிழ் எப்போதுமே கட்டம் கட்டமாகத்தான் வரும். "தமிழ் இப்படித்தான் இருக்கும் என்று நினைத்தேன் சேச்சி" என்றாள். கட்டம் கேள்விக்குறியானது அவளுக்கு ஒரு வித்தியாசமாகவே படவில்லை. அவளைத் திட்டக்கூட எனக்கு மனசு வரவில்லை. ஒரு தமிழ் எழுத்துருவை அவளுக்கு ஏற்றிக் கொடுக்க யாருக்கும் நேரமில்லை. உலகத்தை முந்துவதற்கு மட்டும் எல்லாருக்கும் நேரம் இருந்தது.

பிறகு என்னை விசாரித்தார்கள். தமிழ் போனதற்கு அல்ல. கிளையண்டின் முன்னால் கம்பெனியை விட்டுக் கொடுத்ததற்கு. "உள்ளே பேசி முடிக்க வேண்டியதை வெளியே கொண்டு போனாய்" என்றார் முதலாளி. உள்ளேதான் முதலில் பேசினேன் என்றேன். அந்த வருஷம் எனக்குப் பதவி உயர்வு இல்லை. பழைய வெர்ஷனைப் பார்த்துக்கொள்ள ஒரு ஆள் வேண்டுமே, அதைத் தண்டனையாக எனக்குக் கொடுத்தார்கள். மேனேஜர் சில மாதங்களில் பெங்களூரில் ஒரு பெரிய கம்பெனிக்குப் போனார். அவருடைய பயோடேட்டாவை அலுவலகத்துப் பிரிண்டரில் நானே பார்த்தேன்: முழு ஆஸ்பத்திரி சிஸ்டத்தையும் புதிய வெர்ஷனுக்கு மாற்றுவதற்குத் தலைமை தாங்கிய அனுபவம். பழையதைத் திரும்பப் போட்டது அதில் இல்லை.

உபதேசியாருக்கு அடுத்த மாதம் ஆப்பரேஷன் நடந்தது. விழுந்த அன்றே மகளிடம் நான் யார் என்று சொல்லி நாள் கேட்டு வைத்திருந்தேன், போனேன். கண்ணில் பச்சைத் துணி கட்டி உட்கார்ந்திருந்தார். தமிழ் எழுதினது நான்தான் என்று மகள் சொன்னாள். "நல்லா எழுதியிருக்கீங்க மக்களே, சங்கீதம் மாதிரி நீட்டி முழக்கல்ல" என்று சிரித்தார். மகள் சிரிக்கவில்லை. "முந்தின தடவையே இது இருந்திருக்கணும்" என்றாள். அவள் சொன்னதுதான் சரி.

நானும் பெங்களூரில் ஒரு இன்டர்வியூவுக்குப் போனேன். எந்த வெர்ஷனில் வேலை என்று கேட்டார்கள். பழையதில் என்றேன். மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள், மூன்று பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். "எல்லாரும் மாறின பிறகு நீங்கள் ஏன் மாறவில்லை?" நடந்ததைச் சொன்னேன். நடுவில் இருந்தவர் கடிகாரத்தைப் பார்த்தார். வேலை கிடைக்கவில்லை. மாற்றத்தைக் கண்டு பயப்படுகிறவள் என்று முடிவு செய்திருப்பார்கள். எனக்குப் புதிய வெர்ஷன் மேல் பயமும் இல்லை, பகையும் இல்லை. வீட்டில் அதைப் போட்டுப் படித்துக்கொண்டுதான் இருந்தேன். அது நல்ல வேலைப்பாடு. அதை எழுதினவர்கள் நாளைக்கே எல்லாரும் ஓடி வாருங்கள் என்று எங்கும் சொல்லவில்லை. ஓடினது நாங்கள்.

பிறகு ஒரு மழைக்காலத்தில், ஃபிரேம்வொர்க்கை எழுதினவர்கள் பழையதை இனிமேல் திருத்தித் தர மாட்டார்கள் என்று தெரிந்ததும், நானும் நண்பனும் மாற்ற ஆரம்பித்தோம். முதலில் தமிழ்ச் சீட்டு. அது அச்சாகிக் கையில் வந்த பிறகுதான் மற்றது. ஒவ்வொரு பக்கமாக மாற்றி, கவுண்டர் பெண்ணைக் கூப்பிட்டுக் காட்டி, அவள் சரி என்ற பிறகு அடுத்தது. அலுவலகத்தில், இன்னுமா முடியவில்லை என்று கேலி செய்தார்கள். கேட்டுக்கொண்டேன்.

எல்லாம் முடிந்து கொஞ்ச நாள் கழித்து டாக்டரம்மா வேறு ஏதோ விஷயமாகப் போன் செய்தார். கடைசியில், "அந்தப் புது வெர்ஷனுக்கு மாற்றப் போவதாகச் சொன்னீர்களே, எப்போது? முன்கூட்டியே சொல்லுங்கள், நான் லீவு போட வேண்டும்" என்றார்.

"போன வாரமே மாற்றியாயிற்று டாக்டர்" என்றேன்.